ஏழாவது பிரதி

பசைக் கம்பெனியில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்றபடி வாசல் காவலாளியிலிருந்து மேலாளர் வரை எல்லோருக்கும் அவள் பூட்டக்கா. ஓய்வு பெற ஆறே மாதம் பாக்கியிருக்கிற கணக்காளர்கூட வாய் தவறி அக்கா என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். யார் வைத்த பெயரோ, வைத்தவன் கெட்டிக்காரன். அவளிடம் போன சேதி வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை.

பத்தொன்பது வயதில் அங்கே டெலிபோன் ஆபரேட்டராக வந்து உட்கார்ந்தவள். மணி அடித்தால் எடுக்க வேண்டும், கேட்ட ஆளுக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் காது சும்மா இருக்குமா? ஒரே வாரத்தில் ஒரே குரல் மூன்று முறை வந்தது. முதல் நாள் கூரியர் ஆபீஸ், மறுநாள் டிக்கெட் ஏஜெண்ட், மூன்றாம் நாள் மேலாளரின் பள்ளிக்கூட நண்பன். மூன்று பேருக்கும் ஒரே சளி. மூன்று பேருக்கும் ஒரே கவலை, மேலாளர் எந்த ஊருக்குப் போயிருக்கிறார், யாரைப் பார்க்கப் போயிருக்கிறார் என்று. "சார், முந்தாநாள்லேர்ந்து சளி குறையவே இல்லையே, ஒரு நல்ல டாக்டரைப் பார்க்கக் கூடாதா?" என்று கரிசனமாகக் கேட்டாள். படக்கென்று போன் வைக்கப்பட்டது. பள்ளிக்கூட நண்பன் அதற்குப் பிறகு நண்பனைத் தேடவே இல்லை.

அடுத்து பழைய பேப்பர்காரர். அந்தத் தெருவில் உள்ள எல்லா ஆபீஸ் வாசலிலும் எடை குறைகிறது, தாள் நனைந்திருக்கிறது என்று தொண்டை வறளப் பேரம் பேசுகிறவர், பசைக் கம்பெனி வாசலில் மட்டும் வாயைத் திறக்காமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவார். பேரம் பேசாத பழைய பேப்பர்காரரை உலகத்தில் யாராவது பார்த்ததுண்டா? ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் குடையை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே நடந்தாள். வண்டி நேராக எதிர்க் கம்பெனியின் பின்வாசலில் போய் நின்றது. அவர்களும் பசைதான் செய்கிறார்கள், கொஞ்சம் மட்டமான பசை. திரும்பி வந்து முதலாளியிடம் சொன்னாள். மறு வாரம் ஆபீசுக்குத் தாளை நூலாகக் கிழிக்கிற இயந்திரம் வந்தது. அவளுக்கு மாடிப்படிக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறையும், 'தகவல் பாதுகாப்பு அதிகாரி' என்ற பலகையும் வந்தன.

அதற்குப் பிறகு அந்தக் கட்டடம் அவள் சொன்னபடி கேட்டது. கூட்டம் முடிந்து டீ குடிக்கக் கிளம்புமுன் வெள்ளைப் பலகையைத் துடைத்தாக வேண்டும். வருகிறவர்கள் கையெழுத்துப் போட ஆளுக்கொரு தனித் தாள்; பொதுவாக ஒரே நோட்டு வைத்தால் தனக்கு முன்னால் யார் வந்து போனார் என்று அடுத்தவன் படித்துவிடுவான் இல்லையா. சரக்கு அறையில் டிரம்களின் லேபிள் எல்லாம் சுவரைப் பார்த்தபடி நிற்க வேண்டும், மூலப்பொருள் எங்கிருந்து வருகிறதென்று வெளியாள் கண்ணில் படக் கூடாது. லிப்டுக்குள் வானிலை தவிர வேறு பேச்சு கூடாது. நகல் இயந்திரத்தைப் பழுது பார்க்க வருகிறவர் பக்கத்தில் அவளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள், மாப்பிள்ளை பார்க்க வந்தவள் மாதிரி. சிரித்தவர்கள் சிரித்தார்கள். அவள் அசையவில்லை. தன் வேலை தனக்குத் தெரியும் என்கிற நிமிர்வு அவள் நடையிலேயே இருந்தது, அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது என்றும் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டிலும் அப்படித்தான். புருஷன் பஸ் டிரைவர், வாய் ஓயாத மனிதர். வழியில் ஏறின ஆட்டுக்குட்டி முதல் இறங்க மறுத்த குடிகாரன் வரை அத்தனையும் வீட்டுக்கு வந்தாக வேண்டும் அவருக்கு. "என் பொண்டாட்டி பசைக் கம்பெனியில வேலை செய்யறா. வாய் ஒட்டிக்கிச்சு, பாவம்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள், பதில் மட்டும் வராது.

இத்தனை சொன்னது எதற்கென்றால், அப்பேர்ப்பட்டவளுக்கு நேர்ந்ததைச் சொல்லத்தான்.

மரச்சாமான் செய்கிறவர்களுக்காகக் கம்பெனி ஒரு புதுப் பசை கண்டுபிடித்திருந்தது. ஒன்பதே நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும், பிடித்தால் மரம்தான் உடையும். மூன்று வருஷ உழைப்பு. கண்டுபிடித்தவர் ஆய்வுக்கூடத்துக்காரர், கனத்த கண்ணாடி போட்டிருப்பதால் ஊருக்கெல்லாம் அவர் சோடாபுட்டி. விற்பனைக்கு விடுமுன் பசையின் குணங்களையும் கலவை விகிதத்தையும் வெளியிடும் தேதியையும் ஒரே தாளில் எழுதி ஏழு பேருக்கு ஏழு பிரதி கொடுத்தார்கள். கொடுத்தவள் பூட்டக்கா. அதில்தான் அவளுடைய கைவேலை இருந்தது. தாளின் கடைசி வரி, டப்பாவை இத்தனை டிகிரி வெப்பத்துக்குக் கீழே வைக்கவும் என்பது. உண்மையில் நாற்பது வரை தாங்கும். அவள் முதல் பிரதியில் முப்பத்தொன்று என்று போட்டாள், இரண்டாவதில் முப்பத்திரண்டு, அப்படியே ஏறிக்கொண்டு போய் ஏழாவதில் முப்பத்தேழு. யார் எதைப் பின்பற்றினாலும் பசைக்குக் கெடுதல் இல்லை. ஆனால் தாள் வெளியே போனால் எந்த எண் போயிருக்கிறதோ அதுவே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். எந்த எண் யாருடையது என்கிற பட்டியல் அவளுடைய இரும்பு அலமாரிக்குள் மட்டும் இருந்தது. முதலாளிக்குக்கூட ஆறாவது பிரதிதான். ஏழாவது அவளுடையது.

வெளியீட்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு காலையில் முதலாளி அவளைக் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு வழவழப்பான துண்டுப் பிரசுரம் கிடந்தது. எதிர்க் கம்பெனியின் புதுப் பசை. ஒன்பதே நிமிடம். அடுத்த திங்கட்கிழமை முதல் கடைகளில். நம் ஆய்வுக்கூடம் எழுதிய வாக்கியங்கள் வரிசை மாறாமல் அப்படியே இருந்தன.

"சோடாபுட்டிதான்" என்றார் முதலாளி. "அவன் தங்கச்சி புருஷன் அங்கதான சரக்கு ரூம்ல இருக்கான். வேற யாரு சொல்லியிருப்பா? வேலையை விட்டு நிறுத்த லெட்டர் டைப் பண்ணச் சொல்லிட்டேன்."

"ஒரு நாள் குடுங்க சார். யாருன்னு நான் சொல்றேன்" என்றாள் அவள். சொல்லும்போது குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. இந்த நாளுக்காகத்தானே அந்த ஏழு எண்கள்.

"நாளைக்குக் காலையில பத்து மணி வரைக்கும்தான்" என்றார் அவர்.

படியிறங்கும்போதே பிரசுரத்தின் கடைசி வரியைப் பார்த்துவிட்டாள். திருடியவர்கள் அதையும் விடாமல் திருடியிருந்தார்கள். 'முப்பத்தேழு டிகிரிக்குக் கீழே வைக்கவும்.'

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அச்சுப் பிழையாக இருக்கும் என்று நினைத்தாள். அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, அலமாரியைத் திறந்து பட்டியலைப் பார்த்தாள். பார்க்காமலே தெரியும், இருந்தாலும் பார்த்தாள். ஏழாவது பிரதி உறைக்குள் ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. அவள் தவிர அந்த அலமாரியை யாரும் தொட முடியாது. அப்படியானால் தாள் எந்தக் காலை வைத்து நடந்து போயிற்று?

அப்புறம்தான் அந்த வகுப்பு நினைவுக்கு வந்தது.

போன மாதம் தொழிலதிபர்கள் சங்கத்தில் அவளைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். இருபது, முப்பது கம்பெனிகளின் பாதுகாப்பு ஆட்கள், வரவேற்பறைப் பெண்கள் என்று அரங்கம் நிறைந்திருந்தது. ரகசியத்தைக் காப்பது எப்படி என்பது தலைப்பு. இத்தனை வருஷம் வாயைக் கட்டி வைத்திருந்தவளுக்கு முதல்முறையாக மைக் கிடைத்தது. சும்மா விடுவாளா? பேரம் பேசாத பேப்பர்காரரைச் சொன்னாள், சளி பிடித்த நண்பனைச் சொன்னாள். கைதட்டல் வர வர அவளுக்கும் உற்சாகம் ஏறியது. முக்கியமான தாளை எப்படி மறைத்துக் காட்ட வேண்டும் என்பதற்கு உதாரணமாக உண்மையான ஒரு தாளையே திரையில் போட்டாள். பொய்த் தாள் போட்டால் எடுபடாது என்று நினைத்து, கம்ப்யூட்டரில் இருந்த தன்னுடைய ஏழாவது பிரதியின் ஃபைலையே எடுத்து, ரகசிய வரிகள் எல்லாவற்றின்மேலும் கறுப்புக் கட்டம் வரைந்திருந்தாள். ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. முடிந்ததும் நாலைந்து பேர் பணிவாக வந்து, எங்கள் ஆட்களுக்கும் காட்ட வேண்டும் அக்கா, இந்த ஃபைலைக் கொடுங்களேன் என்றார்கள். எந்தக் கம்பெனி என்றுகூடப் பார்க்காமல் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள்.

இப்போது அந்த ஃபைலைத் திறந்தாள். கறுப்புக் கட்டத்தின்மேல் மவுஸை வைத்து அழுத்தி இழுத்தாள். கட்டம் சட்டிமேல் வைத்த மூடி மாதிரி நகர்ந்து வந்தது. அடியில் ஒன்பது நிமிடம், கலவை விகிதம், வெளியீட்டுத் தேதி, முப்பத்தேழு டிகிரி எல்லாம் சாவகாசமாகப் படுத்திருந்தன. காகிதத்தில் கறுப்பு மை பூசினால் பூசினதுதான். காகிதத்தோடு வளர்ந்தவள் கம்ப்யூட்டரும் அப்படித்தான் என்று இருந்துவிட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவள் கெட்டது வாயால்கூட இல்லை, எப்படி வாயை மூடுவது என்று ஊருக்குச் சொல்லிக் கொடுக்கப் போய்க் கெட்டாள்.

உடனே எழுந்து முதலாளி அறைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. சரிபார்க்க வேண்டியது இன்னும் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சரிபார்க்க எதுவும் பாக்கி இல்லை என்று அவளுக்கே தெரியும். வெட்கம் அவளை நாற்காலியோடு சேர்த்து ஒட்டிவிட்டது. கூடவே இன்னொரு எண்ணமும் வந்தது. பட்டியலை அவளைத் தவிர யாரும் பார்த்ததில்லை. முப்பத்தேழு யாருடையது என்று அவள் சொல்வதுதான் சட்டம். அந்த எண்ணம் வந்ததற்காகவே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது, ஆனாலும் அது வந்தது.

பிற்பகலில் சோடாபுட்டி தானாகவே அவள் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"அக்கா, லெட்டர் டைப் ஆயிட்டுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் சொல்லலைக்கா. தங்கச்சிக்குக் குழந்தை பொறந்து ஒரு வருஷம் ஆகுது. நான் இன்னும் பார்க்கலை. நீங்க அந்தப் படிவம் குடுத்தீங்கல்ல, எதிர்க் கம்பெனியில சொந்தக்காரங்க இருந்தா எழுதிக் குடுக்கணும்னு. எழுதிக் குடுத்த நாள்லேர்ந்து அந்த வீட்டுப் பக்கமே போறதில்லை. எதுக்கு வம்புன்னு."

அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா பயமில்லைக்கா" என்றார் அவர். "விஷயம் உங்க கையில இருக்குன்னு தெரிஞ்சதும் வீட்டுல கூடச் சொல்லிட்டேன். பூட்டக்கா கண்டுபிடிச்சிருவாங்க, தப்பான ஆளைச் சொல்ல மாட்டாங்கன்னு."

"போய் வேலையைப் பாருங்க தம்பி" என்றாள். அதற்கு மேல் ஒரு சொல் அவள் வாயில் வரவில்லை. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடுதான் அவளை ரொம்பவும் சுட்டது.

சாயங்காலம் வீட்டில் அவள் தட்டைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். புருஷன் இரண்டு பஸ் கதையை முடித்துவிட்டு மூன்றாவதை ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவள் ஆபீஸ் சமாசாரத்தை வீட்டில் சொன்னாள். முதலிலிருந்து கடைசி வரை, ஒன்றையும் விடாமல் சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை, அது அவருக்கே அதிசயம்.

"நீ எந்த மாடியில உட்கார்ந்திருக்கேன்னே எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது" என்றார் கடைசியில். "சரி, அந்தக் கண்ணாடிக்காரருக்குச் சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லைங்க."

"முதலாளிக்கு?"

"இல்லை."

"அப்ப எனக்குத்தான் முதல்ல சொல்றே" என்றார். "நான் கேட்டு என்னம்மா பண்றது? என் வேலையா போகப் போவுது?"

அவர் சொன்னதில் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை, ஆனால் அவளுக்கு முதுகு நிமிர்ந்தது. தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

மறுநாள் பத்து மணிக்குப் பத்து நிமிடம் முன்பே முதலாளி அறையில் இருந்தாள். பிரசுரத்தையும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"முப்பத்தேழு என்னோட பிரதி சார். என்கிட்டேர்ந்துதான் போயிருக்கு. வகுப்புல காட்டின ஃபைல்ல இருந்துச்சு. மறைச்சிட்டேன்னு நினைச்சேன், மறையலை."

முதலாளி பட்டியலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கோபப்படுவார் என்று நினைத்திருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"என் வீட்டுக்காரருக்கு."

"அதோட நிக்கட்டும். இங்க பாரும்மா, காவலுக்கு வச்ச ஆளே கோட்டை விட்டுருச்சுன்னு வெளிய தெரிஞ்சா எந்தக் கம்பெனி நம்மளை நம்பி ஒரு விஷயம் சொல்லும்? மரக்கடைக்காரங்க ஒவ்வொருத்தனும் சிரிப்பான். சோடாபுட்டிக்கு எப்படியும் லெட்டர் ரெடியா இருக்கு. வெளியில அவனுக்கு வேலை கிடைச்சிரும், கெட்டிக்காரன். நீ இத்தனை வருஷம் எத்தனை ரகசியம் காப்பாத்தியிருக்கே. இதையும் காப்பாத்து."

அவளுக்கு ஒரு கணம் எல்லாமே சுலபமாகத் தெரிந்தது. பேசாமல் இருப்பதைவிட அவளுக்குக் கைவந்த வேலை வேறு என்ன இருக்கிறது? பட்டியலை எடுத்து மடித்தாள். முதலாளியின் முகத்தில் நிம்மதி வந்தது.

"இது கம்பெனி ரகசியம் இல்லை சார்" என்றாள். "இது என் தப்பு. அதை அவர் தலையில கட்ட முடியாது. இப்ப வெளிய போய் எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன்."

"சொன்னேன்னு வை, நாளைக்கு உனக்கு இங்க வேலை கிடையாது."

"சரிங்க சார்" என்றாள். நாளைக்குத்தானே என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள். இன்றைக்கு இன்னும் ஏழு மணி நேரம் அந்த அதிகாரிப் பலகை அவளுடையது.

கூடத்தில் எல்லோரும் வேலை செய்கிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தார்கள். சோடாபுட்டி ஓர் அட்டைப் பெட்டியில் தன் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் கூடத்தின் நடுவில் போய் நின்று, டெலிபோனில் பேசுகிற அதே தெளிவான குரலில் சொன்னாள். பசை விஷயம் வெளியே போனது தன்னால். தன்னால் மட்டும்தான். ஆய்வுக்கூடத்துக்காரருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எப்படிப் போனது என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

முதலாளி தன் அறை வாசலில் நின்றிருந்தார். அத்தனை பேர் முன்னால் அந்த லெட்டரில் இனி அவர் கையெழுத்துப் போட முடியாது, அது அவருக்கும் தெரிந்துவிட்டது.

சோடாபுட்டி கையில் ஒரு புத்தகத்தோடு அப்படியே நின்றார்.

"உங்களுக்கு எப்பக்கா தெரிஞ்சது?"

இன்றைக்குக் காலையில் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது?

"நேத்துக் காலையிலேயே."

"நான் வந்து உங்க ரூம்ல உட்கார்ந்திருந்தேனே, அப்ப?"

"அப்பவே தெரியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையால் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"ராத்திரி வீட்டுல யாரும் தூங்கலைக்கா" என்றார். திட்டவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"தப்பு தம்பி. ஃபைல் போனது தெரியாம நடந்த தப்பு. நேத்து உங்களைச் சும்மா அனுப்பினது தெரிஞ்சே பண்ணின தப்பு. அதுக்குத்தான் முதல்ல மன்னிப்புக் கேட்கிறேன்."

அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது, அதை அவள் மறைக்கவும் இல்லை. பக்கத்து மேஜையில் இருந்த கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்து அந்த ஃபைலைத் திறந்தாள்.

"எல்லாரும் கிட்ட வாங்க" என்றாள். "இந்தத் தப்பை இன்னொருத்தர் இங்க பண்ணக் கூடாது."

ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். அவள் கறுப்புக் கட்டத்தைப் பிடித்து இழுத்தாள். ஒன்பது நிமிடம் என்ற எழுத்து வெளியே வந்தபோது யாரோ ஒருவர் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. வரியை மறைத்தால் போதாது, அழிக்க வேண்டும், அழித்த தாளைப் படம் பிடித்துப் படத்தைத்தான் அனுப்ப வேண்டும் என்று நிதானமாகச் சொன்னாள். நேற்று ஒருவரிடம் ஒரு சொல் பேச முடியாமல் போன வாய், இன்று இருபது பேர் முன்னால் தடுமாறவில்லை.

சோடாபுட்டி கடைசியாகத்தான் வந்தார். கூட்டத்துக்குப் பின்னால் நின்றவர், வழி விலக்கிக்கொண்டு முன்னால் வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே குனிந்தார்.

"இன்னொரு தடவை இழுத்துக் காட்டுங்கக்கா" என்றார். "பின்னாடி நிக்கறவங்களுக்குத் தெரியலை."

அவள் கட்டத்தைப் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்து, முதலிலிருந்து மறுபடியும் காட்டினாள்.